தலைகீழாகப் படித்தவள்

அவள் என் போனை ஒரு நாளும் தன் பக்கம் திருப்பி வைத்ததில்லை. இதைச் சொல்லிவிட்டால் அவளைப் பற்றி முக்கால்வாசி சொன்ன மாதிரிதான். மீதியையும் சொல்கிறேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

பழங்காநத்தத்தில் எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி அவள் கடை. எங்களுடையது விசேஷங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை. அண்டாவும் தேக்சாவும் வாளியும் வாசல் வரைக்கும் அடுக்கியிருக்கும். அவளுடையது செல்போன் ரிப்பேர் கடை. கை இரண்டையும் விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும், அவ்வளவுதான் அகலம். குறுக்கே ஒரு பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இரண்டு ஸ்டூல்.

மற்ற கடைகளில் போனைக் கொடுத்தால் வாங்கின கையோடு தங்கள் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். நமக்கு உச்சந்தலையைக் காட்டிக்கொண்டு குனிந்து என்னவோ செய்வார்கள். இவள் போனைப் பலகையில் நம்மைப் பார்த்து வைப்பாள். எழுத்து நமக்கு நேராக இருக்கும், அவளுக்குத் தலைகீழாக இருக்கும். அப்படியே படிப்பாள். அப்படியே விரலை ஓட்டுவாள். தமிழானாலும் இங்கிலீஷ் ஆனாலும் ஒரே வேகம்தான். நேராக வைத்துப் படிப்பவர்களுக்கே தடுக்கும் இடத்தில் அவளுக்குத் தடுக்காது.

முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் தாயி, கழுத்து சுளுக்கிக்காதா? ஒம் பக்கம் திருப்பி வச்சுப் பாக்க வேண்டியதுதான?"

"பெரியம்மா, இது உங்க வீடு. நான் உள்ள வாரேன். நான் அடுப்படி வரைக்கும் போவேனாம், நீங்க வாசல்ல நின்னுக்கிட்டு என் முதுகப் பாப்பீங்களாம். நல்லாவா இருக்கு?"

அப்போது அவளுக்கு நாற்பதை ஒட்டி வயது இருக்கும். வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுகிறவள். நம்மிடம் பேசும்போது நம்மைவிட மதுரையாகப் பேசுவாள். சின்னச் சின்னத் திருகாணிகளைக் கழற்றி வரிசை வைக்கும்போது மட்டும் உதட்டுக்குள் அவள் மொழியில் எண்ணுவாள். எண்ணிக்கை தப்பினால் அந்த மொழியிலேயே ஒரு வார்த்தை வரும். அது நல்ல வார்த்தை இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். இதை நான் சொல்லச் சொல்ல என் டேப்லெட் எழுதிக்கொள்கிறது. வீட்டில் பேசுகிற மாதிரி 'அம்புட்டு' என்றால் அது 'அன்பு தட்டு' என்று எழுதுகிறது. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்திச் சொன்னால் ஒழுங்காக வருகிறது, அதனால்தான் இந்தத் தோரணை. ஆட்கள் பேசினதை மட்டும் அவர்கள் பேசின மாதிரியே வைக்க வேண்டும் என்று, எழுத்து எழுத்தாக நானே தொட்டுத் திருத்தினேன். அதற்கே ஒன்பது நாள் ஆனது.

அவளிடம் போனால் சீக்கிரம் திரும்ப முடியாது. அது ஒரு குறைதான். புதிதாக ஏதாவது ஆப் போட வேண்டுமென்றால் போன் ஒவ்வொன்றாகக் கேட்கும். இதைப் பார்க்கட்டுமா, அதைப் பார்க்கட்டுமா, மைக்கைத் தருவாயா, போட்டோவைத் தருவாயா என்று கேட்கும். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சரி, சரி என்று தட்டிவிட்டுப் போவார்கள். இவள் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துக் காட்டி, நாம் பதில் சொல்லும் வரை கையை எடுத்து வைத்துக்கொள்வாள். பதிலையும் நம் விரலால்தான் அமுக்க வேண்டும்.

ஒரு தடவை டார்ச் லைட் ஆப் ஒன்று போடப் போனோம். "பெரியம்மா, இது உங்க போன்ல இருக்கற ஆளுங்க பேரெல்லாம் கேக்குது. குடுக்கலாமா?"

"வெளக்குப் பிடிக்க வந்தவனுக்கு வீட்டு ஆளுக பேரெல்லாம் எதுக்கு?"

அவள் பலகையைத் தட்டிச் சிரித்தாள். "இதத்தான் அஞ்சு வருசமா எல்லார்கிட்டயும் சொல்றேன். ஒருத்தருக்கும் ஏறல. இருட்டுல கெடந்தாலும் பரவால்லன்னு 'இல்லை'ய அமுக்குங்க."

அமுக்கினேன். அதற்குள் எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்று முனகிக்கொண்டிருந்தார்கள். "அக்கா, ஒரு கண்ணாடி ஒட்டணும், அஞ்சு நிமிசம்" என்றான் ஒருவன். "அஞ்சு நிமிசத்துல ஒட்டறவுக பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்காக, போயிட்டு வா மாப்ள" என்றாள், தலையைத் தூக்காமல்.

போனுக்குள் இருக்கிற ஏற்பாட்டை வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனிக்காரன் மாற்றுவான் என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வெளிநாட்டுத் தின்பண்டத்தின் பேர் வைத்தார்களாம். "அவன் வைக்கிற பேரு நம்ம வாயில நுழையாது, நாம நம்ம பேரு வைப்போம்" என்று வைத்தாள். நான் முதலில் வாங்கின தொடு போன் கடலைமிட்டாய். அதன் அடியில் முக்கோணம், வட்டம், சதுரம் என்று மூன்று குறி இருந்தது. முக்கோணத்தைத் தொட்டால் வந்த வழியே திரும்பலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு அந்த முக்கோணம் எவ்வளவு பெரிய துணை என்பது படித்தவர்களுக்குப் புரியாது. அடுத்து வந்தது தேன்மிட்டாய், சதுரமாக இருந்த படங்களெல்லாம் அதில் உருண்டையாகிவிட்டன. அதற்கும் அடுத்தது ஜிகர்தண்டா. அதில் முக்கோணமே காணாமல் போய்விட்டது. ஒரு கோடு மட்டும் கிடந்தது. ஓரத்திலிருந்து தள்ளினால் திரும்புமாம்.

நான் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "கதவக் கழத்திட்டு, செவுத்தத் தள்ளு தொறக்கும்ங்கறான் தாயி!"

"வாடகை வீடுன்னா அப்படித்தான் பெரியம்மா. காசு குடுத்து வாங்கினது நாம, அடுப்படிய மாத்தறது அவன்" என்றாள். தலைகீழாகவே எங்கெங்கோ உள்ளே போய், ஒளித்து வைத்திருந்த முக்கோணத்தைத் தேடி எடுத்து எனக்கு மீட்டுக் கொடுத்தாள். அதோடு விடவில்லை. இடம் மாறியிருந்த படங்களையெல்லாம் என் விரலுக்குப் பழகின இடத்திலேயே திரும்ப வைத்தாள். நாலாவது வரிசையில் இரண்டாவது எது, மூன்றாவது எது என்று எனக்கே மறந்திருந்தது. "கண்ண மூடிக்கிட்டு விரல வைங்க" என்றாள். வைத்தேன். விரல் போய் நின்ற இடத்தில் வைத்தாள்.

"இப்பல்லாம் மிட்டாய் பேரும் போயி வெறும் நம்பராயிருச்சு" என்று அவளுக்கு ஒரு வருத்தம் உண்டு.

வரப்போகிற டேப்லெட்டுகளைப் பற்றிப் பேசுவதற்கென்றே சில பேர் அங்கே வந்து நிற்பார்கள். மடிக்கிற மாதிரி ஒன்று வருகிறதாம், சுருட்டுகிற மாதிரிகூட வருமாம். "பாய் மாதிரி சுருட்டி மூலையில வச்சா எலி கடிக்குமேப்பா" என்று நான் சொல்லிவைப்பேன். அடுத்த மாடல் எப்போது வரும் என்று அவளை நச்சரிக்கிறவனிடம், "வந்தா ஒனக்குக் கட்டவிரல் மூணாயிருமா? கையில இருக்கறத மொதல்ல தொடச்சு வை, பிசுக்கு" என்பாள். அவளிடம் திட்டு வாங்காமல் போனைத் திரும்ப வாங்கினவர் எங்கள் தெருவில் இல்லை.

அவள் குணத்தை நான் முழுசாகப் பார்த்தது ஒரு மத்தியான வேளையில். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து ஒரு போனைப் பலகையில் வைத்து, "லாக்க எடுத்துக் குடும்மா" என்றார். போன் உறையில் பூப் போட்டிருந்தது.

"யாரு போனுண்ணே?"

"வீட்டுக்காரி போனு."

"அவுக வரட்டும்."

"நான் புருசன்ம்மா."

"சந்தோசம்ணே. ரெண்டு பேருமாச் சேந்து வாங்க."

அவர் என்னைப் பார்த்தார், நான் நியாயம் சொல்வேன் என்று நினைத்திருப்பார் போல. நான் சேலை முந்தானையைச் சரி செய்துகொண்டேன். அவர் போனை எடுத்துக்கொண்டு போனதும், "சரியாச் சொன்ன தாயி" என்று மெச்சினேன். அவள் அப்போது ஒன்று சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் டவுனில் யாரோ ஒருவர் கடையில் வேலை பார்த்தாளாம். ரிப்பேருக்கு வருகிற போனெல்லாம் பின்னாடி ரூமுக்குப் போகுமாம். "அந்த ரூமுக்குள்ள போன போனு, திரும்பி வர்றப்ப அதே போனா வராது பெரியம்மா." சொல்லிவிட்டுத் திருகாணிகளை எண்ணப் போய்விட்டாள். அவள் கடையில் பின்னாடி ரூமே கிடையாது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

இனி என் கதையைச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரர் போன பிறகு கடையை நான்தான் நடத்துகிறேன். எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு ஏது? எல்லாம் குரல்தான். என்றைக்கு, எந்த ஊருக்கு, எந்த அண்டா என்று சமையல் மாஸ்டர்கள் குரலில் அனுப்புவார்கள், நான் குரலில் பதில் சொல்வேன். அடிக்கடி பேசுகிற இரண்டு மாஸ்டர்களுடைய முகத்தையும் போனின் முகப்பிலேயே அவள் வைத்துக் கொடுத்திருந்தாள். மேலே மீசைக்காரர், அழகர்கோவில் பக்கம். கீழே கண்ணாடிக்காரர், திருமங்கலம். மீசையைத் தொட்டால் அழகர்கோவில், கண்ணாடியைத் தொட்டால் திருமங்கலம்.

ஒரு காலையில் எழுந்து பார்த்தால் குரல் அனுப்புகிற ஆப் தானாகவே அப்டேட் ஆகியிருந்தது. மீசையும் இல்லை, கண்ணாடியும் இல்லை. இரண்டு உருண்டைக்குள்ளும் 'மா' என்று ஒரே எழுத்து. இரண்டு பேரையும் மாஸ்டர் என்று போட்டுத்தானே வைத்திருந்தோம்! மேலே இருப்பது மீசைக்காரர்தானே என்று அதையே தொட்டு, "பெரிய அண்டா ரெண்டும் ஒங்களுக்குத்தாண்ணே, காலையில வந்து எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். அவரிடம் முன்னாடியே குரலில் ஒப்புக்கொண்டதுதான், ஞாபகப்படுத்தினேன். ஆனால் மேலே வந்து உட்கார்ந்திருந்தது திருமங்கலத்துக்காரர். அவரும் அதே அண்டாவைக் கேட்டு அனுப்பி, என் பதிலுக்காகக் காத்திருந்தவர்.

முகூர்த்தத்தன்று விடிந்ததும் கடை வாசலில் இரண்டு லோடு ஆட்டோ. ஒன்று அழகர்கோவிலில் காதுகுத்துக்கு, ஒன்று திருமங்கலத்தில் கல்யாணத்துக்கு. இரண்டு பேரும் என் குரலை எனக்கே போட்டுக் காட்டினார்கள். நாற்பது வருஷத்தில் என் வாக்கு பிசகினது அன்றைக்குத்தான். என் மகன் வில்லாபுரம் வரைக்கும் ஓடி, எங்களுக்கு ஆகாத ஒரு கடையில் கெஞ்சி அண்டா வாங்கி வந்தான். நான் வாசலில் நின்றுகொண்டே இருந்தேன்.

"இதுக்குத்தாம்மா சொன்னேன்" என்றான் மகன். "போன எங்கிட்ட குடுத்துட்டு நீ பேசாம உக்காரு."

போனைக் கொடுத்தால் கடையைக் கொடுத்த மாதிரி. அப்புறம் நான் அந்த வாசலில் யாராக உட்காருவது?

ஒரு வாரம் கழித்து, கண்ணாடி ஒட்டிக்கொண்டு வருகிறேன் என்று மகன் என் போனை வாங்கிக்கொண்டு போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். முகம் சிவந்திருந்தது. "இனிமே அந்தக் கடைப் பக்கம் போகாத. மருவாத தெரியாதவ."

அன்றைக்கு வெள்ளைச் சட்டைக்காரரைத் திருப்பி அனுப்பினபோது மெச்சினவள்தான் நான். இப்போது என் மகனையே திருப்பி அனுப்பினாள் என்றதும் எனக்கு ரத்தம் கொதித்தது. செருப்பு மாட்டாமலே போனேன்.

"ஏத்தா, எம் மகனத் திருப்பி அனுப்பினியாம்ல? அவன் யாருன்னு தெரியுமா தெரியாதா ஒனக்கு?"

"தெரியும் பெரியம்மா. உங்க மகன்."

"பெறகு?"

"போன் உங்களுது."

"அவன் அப்படி என்ன கேட்டுட்டான்?"

"அது அவுக என்கிட்ட கேட்டது. அவுககிட்டயே கேளுங்க."

"எங்கிட்டயே மறைக்கிறியா?"

"உங்க போன்ல இருக்கறத அவுக வந்து கேட்டா நான் சொல்வேனா? அதே மாதிரித்தான் இதுவும்."

பக்கத்து ஸ்டூலில் இருந்தவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். வரும்போது இருந்த வேகம் போகும்போது இல்லை.

சோறு போடும்போது மகனிடம் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். எனக்கு வருகிற குரலெல்லாம் அவன் போனுக்கும் வர வேண்டும், அவன் பதில் சொன்னால் நான் சொன்ன மாதிரியே போக வேண்டும், அப்படி ஏற்பாடு செய்யச் சொல்லியிருக்கிறான்.

"எனக்குத் தெரியாமயா?"

"தெரிஞ்சா ஒத்துக்குவியா?" என்றான். அப்புறம் மெதுவாக, "ரெண்டு ஆட்டோக்காரன் முன்னால நீ நின்ன நெலைய என்னால பாக்க முடியலம்மா" என்றான்.

திட்ட வாயெடுத்தவள் ரசத்தை ஊற்றினேன்.

மறுநாள் அவனையும் கூட்டிக்கொண்டு அவள் கடைக்குப் போனேன். அவன் தெருவிலேயே நின்றான். அவள் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் போனைப் பலகையில் என்னைப் பார்த்து வைத்து, தலைகீழாகப் படித்துவிட்டு, "இந்தப் போன் ஜிகர்தண்டாவோட நின்னுருச்சு பெரியம்மா. இதுக்கு மேல புதுசு வராது. கொஞ்ச நாள்ல இதுல மெசேஜும் ஓடாது" என்றாள். கண்ணுக்கும் பெரிதாகத் தெரியட்டும், டேப்லெட்டுக்கு மாறுங்கள் என்றாள்.

"சரி, இப்பவே டவுனுக்குப் போயி வாங்கிட்டு வாரோம்."

"வேணாம். ஒன்றரை மாசம் பொறுங்க. புதுசு ஒண்ணு வரப்போகுது."

அடுத்த மாடல் என்று கேட்டவனையெல்லாம் விரட்டினவள்! நான் அவளை ஒரு மாதிரி பார்த்திருப்பேன் போல.

"இப்ப கடையில இருக்கறத வாங்கினா மூணு வருசத்துல திரும்ப வீடு மாத்தணும். வரப்போறதுக்கு ஏழு வருசம் பராமரிப்புச் சொல்றான். உங்களுக்கு எழுவத்தாறு வயசு வரைக்கும் ஒரே வீட்டுல இருக்கலாம்."

"எழுவத்தாறுக்கு அப்புறம்?"

"அப்ப நான் வந்து மாத்தித் தாரேன்."

டேப்லெட் வந்தது. பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோனோம். ஒரு ஸ்டூலில் நான், இன்னொன்றில் பெட்டி. மகனுக்கு இடமில்லை. "அண்ணே, உள்ள வந்து நில்லுங்க" என்று அவனைத் தன் பக்கம் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டாள்.

பலகையில் வைத்தாள். அதில் ஒரு கூத்து. டேப்லெட் போன் மாதிரி இல்லை. எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் எழுத்தெல்லாம் திரும்பிக்கொள்கிறது. அவள் துடைப்பதற்குக் கொஞ்சம் தூக்கினதும் முழுத் திரையும் அவளைப் பார்த்துத் திரும்பிவிட்டது. "பாத்தீங்களா, யாரு தூக்கினாலும் அவுகளுக்கு ஆமாஞ்சாமி போடுது" என்று சொல்லி, முதல் வேலையாக அது திரும்பாதபடிக்குப் பூட்டினாள். என்னைப் பார்த்தபடிக்கு.

மகன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். பொறுக்காமல் திருப்பக் கை நீட்டினான். அவள் ஒரு விரலால் டேப்லெட்டின் ஓரத்தை அழுத்திக்கொண்டாள்.

"அப்படியே பாத்துப் பழகுங்கண்ணே. ரெண்டு நாளு கஷ்டமாத்தான் இருக்கும்."

பழைய போனில் இருந்த குரல்களெல்லாம் இதற்கு வந்து சேர ரொம்ப நேரம் ஆனது. அந்த நேரத்தில் நான் கேட்டேன், "தாயி, பின்னாடி பேரு வெட்டிக் குடுத்துரு."

"என்னது பெரியம்மா?"

"பேரு. எங்க கடையில கரண்டி வரைக்கும் பேரு வெட்டாம வெளிய போகாது. நம்ம பாத்திரத்துக்கு வெட்டுறவரு ஒருத்தரு இருக்காரு. சின்ன உளி, சுத்தியலு, நாலு தட்டு. வரச் சொல்லவா?"

இரண்டு கையாலும் டேப்லெட்டை மூடிக்கொண்டாள், கோழி குஞ்சை மூடுகிற மாதிரி. "உளியா! பெரியம்மா, உள்ள பேட்டரி இருக்கு, வெடிச்சிரும்!" என்று கத்தினாள். மகன் அந்த முகூர்த்தத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேரு வெட்டறது உள்ளயே இருக்கு. இதுவே கேக்குது பாருங்க, என்ன பேரு வைக்கன்னு" என்றாள்.

"அப்பா பேர வையுங்க" என்றான் மகன். "கடப் பாத்திரமெல்லாம் அதானே."

அது நிஜம்தான். எங்கள் பழைய அண்டாக்களில் என் மாமனாரின் எழுத்து, புதியவற்றில் என் வீட்டுக்காரரின் எழுத்து. தேய்த்துத் தேய்த்து என் கை ரேகை போனது, ஒரு கரண்டியில்கூட என் பேர் இல்லை. அதை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததுமில்லை.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் என் பேரைத் தேடித் தேடி அமுக்கினேன். ஐந்து எழுத்து. ஒரு எழுத்துக்குக் கொம்பு மாறிப்போய், அழித்துத் திரும்பப் போட்டேன். அவள் தலைகீழாக அதை உரக்கப் படித்தாள்.

அப்புறம் மகனை வைத்துக்கொண்டே என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள், போன் கேட்கிற மாதிரியே. "பெரியம்மா, எந்தெந்த நாளு எந்தப் பாத்திரம் போகுதுன்னு நீங்க வாயால சொன்னா இது குறிச்சுக்கிரும். அது அண்ணன் போன்லயும் தெரியட்டுமா?"

"தெரியட்டும்."

"ஒரே அண்டா ரெண்டு பேருக்குப் போச்சுன்னா செவப்பாக் காட்டும். அவுக வந்து உங்ககிட்ட சொல்லுவாக. சரியா?"

"சரி."

"உங்களுக்கு வர்ற குரலு?"

நான் மகனைப் பார்த்தேன். அவனே, "வேணாம், அது அம்மாவுக்கு" என்றான்.

"பெரியம்மா சொல்லணும்ணே."

"வேணாம்" என்றேன். அமுக்கினேன்.

மீசையையும் கண்ணாடியையும் திரும்ப வைக்கும்போது அவள் ஒரு வேலை செய்தாள். முகம் மறைந்து எழுத்தாகிவிட்டாலும் குழம்பக்கூடாது என்று அழகர்கோவில்காரரை 'அழகர்' என்றும், மற்றவரைத் 'திரு' என்றும் மாற்றினாள். 'அ'வும் 'தி'யும் எனக்கு எந்த இருட்டிலும் தெரியும். அதற்குப் பிறகு என் வாக்கு பிசகினதில்லை.

கடைசியாக ஒன்று. அவள் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் வேலை மாற்றம் ஆகி, கடையைக் காலி செய்கிற வாரம். டேப்லெட்டுக்கு ஒரு புது அப்டேட் வந்திருந்தது. கொண்டுபோய்ப் பலகையில் வைத்தேன். அவளுக்கு நான் என்ன கொடுத்துவிட முடியும்? யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"நீயே போட்டு வை தாயி. நான் டீ சொல்லிட்டு வாரேன். ஒன்ன நான் கூட இருந்து பாக்கணுமா?"

இதைவிடப் பெரிய மரியாதை என் கையில் இல்லை. டீக்கடையில் ஆள் பிடித்துக்கொண்டது, பேசிவிட்டு அரை மணி நேரம் கழித்து இரண்டு கிளாஸோடு வந்தேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டேப்லெட் நான் வைத்த இடத்திலேயே, நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு அணைந்து கிடந்தது.

"என்ன தாயி, தொடவே இல்லையா? நான்தான் சொன்னேன்ல?"

"நீங்க நம்புறீங்க பெரியம்மா. தெரியும்." பலகையிலிருந்த தூசியை விரலால் ஒதுக்கினாள். "அந்தப் பின்னாடி ரூம்னு சொன்னேன்ல. அங்க போனுக்குள்ள இருக்கறத மத்தவங்க பாத்தாங்கன்னுதான் நெனச்சிருப்பீங்க. நானும் நின்னு பாத்திருக்கேன். சிரிச்சிருக்கேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"சரி, உக்காந்துட்டேன். படி."

தலைகீழாகப் படிக்க ஆரம்பித்தாள். டீ ஆறிப்போய்விட்டது. இரண்டு பேருமே குடித்தோம்.

அவள் போய் இரண்டு வருஷமாகிறது. அந்த இடத்தில் இப்போது ஜூஸ் கடை. அப்டேட் வந்தால் இப்போது நானே போட்டுக்கொள்கிறேன், ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து, மெதுவாக.

போன வாரம் சாயங்காலம் திரையில் ஒரு தேதி சிவப்பாக இருந்தது. மகன் எதிரே வந்து உட்கார்ந்தான். டேப்லெட் எனக்கும் அவனுக்கும் நடுவில், என்னைப் பார்த்துக் கிடந்தது. அவன் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"அழகருக்கும் திருவுக்கும் ஒரே தேதிம்மா, பெரிய தேக்சா" என்று ஒரு எழுத்துத் தடுக்காமல் படித்தான். "யாருக்குச் சொல்ற?"